‘எந்த உற்பத்தி வேணும், அம்மணி?’: பி.ஐ. அறிக்கைகளில் மெட்டாடேட்டாவைப் பராமரிக்கும் முறை

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக் குழுமத்தில் அறிக்கைப் பிரிவு என் பொறுப்பு. மூன்று யூனிட்டுகள் (ஆலைகள்), அன்றாடப் பதிவுகளுக்கு ஒரு ஈ.ஆர்.பி. மென்பொருள், எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒரு தரவுக் கிடங்கு, அதற்கு மேல் அறிக்கையும் வரைபடமும் தயாரிக்கப் பவர் பி.ஐ. நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய், “நேத்து உற்பத்தி எவ்வளவுங்க சார்?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, “எந்த உற்பத்தி வேணும், அம்மணி?” என்றார்.

அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி அவர் விளக்கியது இதுதான். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில், ஓடிய நூலின் நீளத்தைக் காட்டும் ஹேங்க் மீட்டர் இருக்கிறது. அது காட்டும் ஹேங்க் கணக்கைக் கவுண்ட்டால் வகுத்தால் பவுண்டில் எடை வரும். ஒரு ஹேங்க் 840 கஜம்; ஒரு பவுண்டு நூலில் 40 ஹேங்க் இருந்தால் அது 40ஸ் கவுண்ட். ஆக ரிங் ஃப்ரேமில் சொல்லும் எடை கணக்கில் வந்த எடை, தராசில் வைத்ததில்லை. அதே நூல் ஆட்டோகோனரில் கோனாகும்போது கொஞ்சம் கழிவாகப் போகிறது. அங்கே தராசு எடை. அதன்பின் கண்டிஷனிங்கில் நூல் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. பருத்திக்கு ஏற்கப்பட்ட ஈரப்பத அளவு 8.5 சதவீதம். அதனால் பேக்கிங்கில் எடை மறுபடி கூடுகிறது. மூன்று இடத்தில் மூன்று எடை, மூன்றும் உண்மை. ஆனால் எங்கள் அறிக்கைகளில் மூன்றுக்கும் ‘உற்பத்தி’ என்று ஒரே பெயர்.

மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரம், என்றதும் பலர் டேபிள் பெயர், காலம் (column, டேபிளின் நெடுவரிசை) பெயர், டேட்டா டைப் என்று நினைக்கிறார்கள். அதுவும் சேர்த்திதான், அந்தப் பகுதியைச் சர்வர் தானாகவே வைத்துக்கொள்கிறது. மனிதர்கள் எழுதினால்தான் உண்டு என்கிற பகுதியே கஷ்டமானது: இந்த எண் எதைக் குறிக்கிறது, எதைச் சேர்க்கவில்லை, எந்த அலகு, எந்த நாள் கணக்கு, யார் எழுதியது, யார் பொறுப்பு. ஒரு எண்ணின் பொருள் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வேறெங்கோ ஒரு கோப்பில் இருந்தால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட விஷயம். கீழே சொல்லும் வேலைமுறை முழுவதும் அதற்காகத்தான்.

சண்டை நடக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

கிடங்கில் இருக்கும் எல்லா காலத்துக்கும் விளக்கம் எழுதிவிடலாம் என்று உட்காராதீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் எழுதியதில் ‘வாடிக்கையாளர் குறியீடு என்பது வாடிக்கையாளரின் குறியீடு’ என்ற மாதிரி வரிகளே மிஞ்சின. ஒருவருக்கும் பயன்படவில்லை.

அதற்குப் பதிலாக மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு மாதம் முழுக்க, அறிக்கை பற்றி வரும் ஒவ்வொரு போனையும் எழுதுங்கள்: யார் கேட்டார், எந்த எண், என்ன சந்தேகம், பதில் தேட எவ்வளவு நேரம் ஆனது. மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நான்கே எண்களைச் சுற்றி இருந்தன: உற்பத்தி, யு.கே.ஜி., பஞ்சு இருப்பு, ரியலைசேஷன் (போட்ட பஞ்சில் எவ்வளவு நூலாகக் கிடைத்தது). உங்கள் தொழிலில் அது ‘விற்பனை’யாக இருக்கலாம், ‘நடப்பு வாடிக்கையாளர்’ ஆக இருக்கலாம். பத்துக்குள் அடங்கிவிடும்.

யு.கே.ஜி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லா நோயும் ஒரே இடத்தில் தெரியும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது என்பதுதான் யு.கே.ஜி. ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் இரண்டு யூனிட்டுகளின் யு.கே.ஜி.யைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியிருந்தோம். ஒன்று மற்றொன்றைவிட மிக அதிகம். கம்ப்ரஸரை மாற்றலாமா, மோட்டார்களை மாற்றலாமா என்று பேச்சு போய்விட்டது, விலை கேட்கும் கட்டம்வரை. எனக்கு மனசு ஒப்பவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு யூனிட்டின் மின் பிரிவிலும் போய் உட்கார்ந்தேன். முதல் யூனிட்டில் கீழே வகுத்தது ஓடிய கவுண்ட்டின் நேரடி கிலோவை. இரண்டாவதில் 40ஸ் கவுண்ட்டுக்கு மாற்றிய கிலோவை. மெல்லிய நூலுக்குக் கிலோவுக்கு அதிக மின்சாரம் ஆகும் என்பதால்தான் மாற்றிப் பார்க்கும் பழக்கமே வந்தது. அதற்குக் கோவையிலேயே 1956 முதல் இயங்கும் சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், தந்த காரணிகள் இருக்கின்றன. அதோடு, ஒரு யூனிட், ஆலைக்குள் காற்றின் ஈரத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் மின்சாரத்தைச் சேர்த்திருந்தது, மற்றது விட்டிருந்தது. இரண்டு எண்ணையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்தபோது வித்தியாசம் பெரிதாக இல்லை. தப்பு எந்த இயந்திரத்திலும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு கணக்கு ஓடியதுதான் காரணம்.

எண்ணுக்கு ஓர் அட்டை

நோட்டில் முதலிடம் பிடித்த எண்ணை எடுத்து அதற்கு ஓர் அட்டை எழுதுங்கள். முதல் அட்டை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. அதில் மூன்றரை நாள் ஆட்களைப் பார்த்துப் பேசியது. எங்கள் யு.கே.ஜி. அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

பெயர்: யு.கே.ஜி. (40ஸ் மாற்றியது).
பொருள்: ஒரு யூனிட்டில் ஒரு மாதம் செலவான மொத்த மின்சாரத்தை, அதே மாதம் ரிங் ஃப்ரேமில் ஓடி 40ஸுக்கு மாற்றிய கிலோவால் வகுத்தது.
சேர்ந்தது: மின்வாரிய மீட்டர், ஜெனரேட்டர், கூரை சோலார், ஹியூமிடிஃபிகேஷன், கம்ப்ரஸர், ஆலை விளக்குகள்.
சேராதது: விடுதி, கேன்டீன், அலுவலகக் கட்டடம், காற்றாலை யூனிட்.
அலகு: மின் யூனிட் / கிலோ, இரண்டு தசமம்.
எந்த அளவில் பார்க்கலாம்: ஆலை யூனிட், மாதம். நாள் அளவில் பார்க்கக் கூடாது.
நாள் கணக்கு: ஆலை நாள், காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை.
எங்கிருந்து: மின் பிரிவு மீட்டர் பதிவேடு, ஈ.ஆர்.பி. ஸ்பின்னிங் ஷிப்ட் பதிவு, கவுண்ட் மாற்றுக் காரணி டேபிள்.
வரையறைக்குப் பொறுப்பு: தொழில்நுட்பப் பொது மேலாளர் பதவி.
சூத்திரத்துக்குப் பொறுப்பு: அறிக்கைப் பிரிவு.
கடைசி மாற்றம்: தேதி, என்ன மாற்றம், ஏன்.

இதில் எந்த வரியை விட்டாலும் ‘சேராதது’ வரியை விடாதீர்கள். ஒரு எண்ணில் என்ன இருக்கிறது என்பதை எல்லாரும் ஓரளவு ஊகித்துவிடுவார்கள். என்ன இல்லை என்பதில்தான் ஊகம் ஆளுக்கு ஆள் மாறும். காற்றாலையைப் பாருங்கள். எங்களுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. அங்கே உற்பத்தியான யூனிட் மின்வாரியக் கட்டமைப்புக்குள் போய், எங்கள் பில்லில் கழிக்கப்படுகிறது. ஆலைக்குள் வரும் மின்சாரம் எப்படியும் மின்வாரிய மீட்டர் வழியாகத்தான் வருகிறது. ஆகவே காற்றாலை யூனிட்டை மறுபடி கூட்டினால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கூரை சோலார் அப்படியில்லை. அது மீட்டருக்கு இந்தப் பக்கமே செலவாகிவிடுகிறது. அதைக் கூட்டாவிட்டால் குறைத்து எண்ணியதாகும். சோலார் பலகை போட்ட பிறகு யு.கே.ஜி. திடீரென்று இறங்கினால் கொண்டாடும் முன் இந்த வரியைப் பாருங்கள்.

‘எந்த அளவில் பார்க்கலாம்’ என்ற வரி ஏன் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் ஆலை நாள் காலை 6 மணிக்கு மாறுகிறது. மின் மீட்டர் பதிவேட்டில் எலக்ட்ரீஷியன் எழுதுவது காலை 8 மணிக்கு. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் நகர்ந்திருக்கிறது. மாதக் கணக்கில் இது கரைந்துபோகும். ஒரு நாள் கணக்கில், அதுவும் மின்வெட்டு வந்த நாளில், எண் கன்னாபின்னாவென்று ஆடும். இதை அட்டையில் எழுதாத காலத்தில் தினமும் யாராவது ஒருவர் அந்த ஆட்டத்துக்கு விளக்கம் கேட்டு மின் பிரிவை அலைக்கழித்தார்கள்.

பொறுப்புக்கு ஆள் பெயர் எழுதாமல் பதவி எழுதுங்கள், ஆள் மாறுவார்கள். வரையறைக்குப் பொறுப்பு எந்தக் காரணம் கொண்டும் ஐ.டி. பிரிவாக இருக்கக் கூடாது. ‘கழிவு நூலை ரியலைசேஷனில் சேர்ப்பதா’ என்று முடிவு செய்ய எனக்குத் தகுதி கிடையாது, அது மில்லை நடத்துகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு சூத்திரம் எழுதுவது என் வேலை.

அலகும் ஆண்டும்

தனித்தலைப்பு கொடுக்கும் அளவுக்கு இது முக்கியம். இந்தியாவில் ஒரு பேல் பஞ்சு என்றால் 170 கிலோ. அமெரிக்கப் பேல் 480 பவுண்டு, சுமார் 218 கிலோ. விலை பேசுவதோ கேண்டியில், அது 356 கிலோ. இறக்குமதிப் பஞ்சு வந்த ஒரு சமயம், இருப்பு அறிக்கை எல்லாப் பேலையும் 170-ஆல் பெருக்கிக் கிலோ காட்டிக்கொண்டிருந்தது. 500 பேலுக்குக் கிட்டத்தட்ட 24 டன் குறைவாகத் தெரிந்தது. குடோன் பொறுப்பாளர் ஒரு வாரம் தூங்கவில்லை. பாவம், அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் மாடலில், அதாவது அறிக்கைகளுக்கு அடியில் இருக்கும் தரவு அமைப்பில், ‘பேல்’ என்று வெறுமனே ஒரு காலம் கிடையாது. ‘பேல் எண்ணிக்கை’, ‘பேல் நிகர எடை கிலோ’ என்று இரண்டு. அலகு இல்லாத பெயர் மாடலுக்குள் வரக் கூடாது என்பதை விதியாகவே வைத்துவிட்டோம்.

ஆண்டும் அப்படித்தான். கணக்குப் பிரிவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். பஞ்சு வாங்குகிறவர்களுக்கு அக்டோபர் முதல் செப்டம்பர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஜனவரி முதல் டிசம்பர். தேதி டேபிளில் ‘ஆண்டு’ என்று ஒரு காலம் மட்டும் இருந்தால் மூன்று பேரும் அதையே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நிதியாண்டு, பஞ்சுப் பருவம், நாட்காட்டி ஆண்டு என்று மூன்றையும் பிரித்துப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் மாதத்தை விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

‘இன்று’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பவர் பி.ஐ. சேவை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இன்றைய தேதியைத் தரும் டுடே என்ற சார்பைப் பயன்படுத்தினால் உங்கள் கணினியில் சரியாக வரும். வெளியிட்ட பிறகு நம் நேரம் காலை 5:30 வரைக்கும் நேற்றைய தேதியையே தரும். காலை 5 மணிக்கு ஷிப்ட் பொறுப்பாளர் அறிக்கையைத் திறக்கிற ஆலையில் இது தினசரிப் பிரச்சினை. சூத்திரத்தில் நம் நேரத்துக்கு மாற்றுங்கள், மாற்றியிருப்பதை விளக்கத்திலும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் ‘இந்த ஐந்தரை எதற்கு’ என்று எடுத்துவிடுவார்.

எங்கே எழுதி வைப்பது

அட்டைகளை முதலில் எக்ஸெலில் எழுதலாம், பேசிப் பேசித் திருத்த வசதி. அங்கேயே விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் செத்துவிடும். இறுதியானதும் மூன்று இடத்துக்குப் போக வேண்டும்.

முதலாவது, தரவுத்தளம். எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒவ்வொரு டேபிளுக்கும் காலத்துக்கும் எக்ஸ்டெண்டட் பிராபர்ட்டியாக விளக்கம் சேர்க்கலாம், எம்.எஸ். டிஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் சேர்த்தால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ அதையே விளக்கமாகக் காட்டும். ஒருமுறை சேர்த்ததை மறுபடி சேர்க்க முயன்றால் பிழை வரும், திருத்துவதற்குத் தனி புரொசீஜர் இருக்கிறது. தமிழில் விளக்கம் எழுதுகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று: மேற்கோளுக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய ‘என்’ (N) எழுத்தைப் போட மறந்தால் நீங்கள் எழுதிய தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். பிழைச் செய்தியும் வராது. எண்பது விளக்கங்களை ஏற்றிவிட்டு மறுநாள் திறந்து பார்த்தபோது வரிவரியாகக் கேள்விக்குறி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் காமென்ட் ஆன் என்ற ஒரே கட்டளை போதும், எளிமை. மைஎஸ்.க்யூ.எல். என்றால் கவனம்: காலத்தின் குறிப்பை மாற்ற அந்தக் காலத்தின் வரையறை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும், அப்போது நாட் நல், டிஃபால்ட் எதையாவது விட்டால் அது காணாமல் போய்விடும். குறிப்பு எழுதப் போய் டேபிளையே மாற்றிவிட்ட கதையாகும்.

இரண்டாவது, பவர் பி.ஐ.யின் செமான்டிக் மாடல். மாடல் வியூவில் ஒரு மெஷரை, அதாவது சூத்திரம் போட்டுக் கணக்கிடும் எண்ணைத், தேர்ந்தெடுத்தால் பக்கத்திலுள்ள பிராபர்ட்டீஸ் பலகையில் டிஸ்கிரிப்ஷன் பெட்டி இருக்கும். அங்கே எழுதியது, அறிக்கை தயாரிக்கிறவர் அந்த மெஷர் மேல் சுட்டியை வைத்ததும் தெரியும். முதல் வரியிலேயே பொருளும் ‘சேராதது’ம் வந்துவிடட்டும், நீண்ட விளக்கத்தை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. நூறு மெஷருக்கு ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. டேபுலர் எடிட்டர் 2 இலவசம். திறந்திருக்கும் மாடலோடு இணைத்து, எக்ஸெலிலிருந்து எடுத்த பட்டியலை ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மூலம் ஒரே ஓட்டத்தில் ஏற்றிவிடலாம். இன்னொரு பி.ஐ. கருவியான டேப்லோவில் இதே வேலைக்கு டிஃபால்ட் பிராபர்ட்டீஸுக்குள் காமென்ட் இருக்கிறது. மெட்டாபேஸ் என்ற கருவியில் நிர்வாகப் பகுதியிலேயே டேபிள் மெட்டாடேட்டா என்று தனிப் பக்கம் உண்டு.

மூன்றாவதுதான் பலரும் விடுவது: அறிக்கையைப் படிக்கிறவர் கண்ணுக்கு முன்னால். மாடலில் எழுதிய விளக்கம் அறிக்கை தயாரிப்பவருக்குத் தெரிகிறதே தவிர, போனில் வரைபடத்தைப் பார்க்கும் மேலாளருக்குத் தெரியாது. ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசிப் பக்கமாக ‘இந்த எண்களின் பொருள்’ என்று ஒரு பக்கம் வையுங்கள். அதைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பவர் பி.ஐ.யின் சூத்திர மொழியான டாக்ஸில் (DAX) இன்ஃபோ டாட் வியூ டாட் மெஷர்ஸ் என்ற சார்பு இருக்கிறது. மாடலில் உள்ள எல்லா மெஷரின் பெயர், விளக்கம், சூத்திரம், எந்த டேபிள் என்பதையெல்லாம் ஒரு டேபிளாகத் தரும். அதை வைத்து ஒரு கால்குலேட்டட் டேபிள் செய்து, மறைத்த மெஷர்களை வடிகட்டிவிட்டு, பெயரையும் விளக்கத்தையும் மட்டும் அந்தப் பக்கத்தில் காட்டுங்கள். விளக்கத்தைத் திருத்தினால் அடுத்த ரிஃப்ரெஷில் பக்கமும் திருந்திவிடும்.

எங்கள் விளக்கங்கள் தமிழில்தான். பெயர்கள் ஆங்கிலத்தில், மற்ற மென்பொருட்களோடு ஒத்துப்போக. ஆனால் ஷிப்ட் மேஸ்திரி படிக்கிற விளக்கம் அவர் பேசுகிற மொழியில் இருக்க வேண்டும். ‘டாஃப் இறக்கியதும் ஹேங்க் மீட்டரில் பார்த்து எழுதியது’ என்று இருந்தால் அது தன் கையெழுத்து என்று அவருக்கு உடனே தெரிகிறது. தமிழுக்கு மாறிய பிறகுதான் ‘இது தப்புங்க, நாங்க அப்படி எழுதறதில்லை’ என்று தளத்திலிருந்து திருத்தங்கள் வர ஆரம்பித்தன. எனக்குக் கிடைத்த மிக நல்ல திருத்தங்கள் எல்லாம் அப்படி வந்தவை.

எண் எங்கே பிறக்கிறது

பவர் பி.ஐ. சேவையில் லீனியேஜ் வியூ இருக்கிறது. தரவு மூலம், மாடல், அறிக்கை, டாஷ்போர்டு என்று சங்கிலியாகக் காட்டும். ஒரு டேபிளைத் தொடும் முன் இம்பாக்ட் அனாலிசிஸைப் பார்த்தால் எத்தனை அறிக்கை பாதிக்கும் என்று தெரிந்துவிடும். கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தச் சங்கிலி சர்வரில் தொடங்குகிறது. எண் பிறப்பது சர்வரில் இல்லையே. ஹேங்க் மீட்டரைப் பார்த்து ஒருவர் நோட்டில் எழுதுகிறார். அதை டைம் ஆபீஸில் இன்னொருவர் ஈ.ஆர்.பி.யில் ஏற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமை சேர்த்து ஏற்றுகிறார். இந்த முதல் மூன்று கண்ணியை எந்த மென்பொருளும் வரையாது. நீங்கள்தான் அட்டையில் எழுத வேண்டும்: யார், எதைப் பார்த்து, எத்தனை மணிக்கு, விடுமுறை வந்தால் என்ன.

இதை எழுதிய பிறகு எங்கள் அறிக்கைகளின் தலைப்பில் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு ‘புதுப்பித்த நேரம்’ மட்டும் இருந்தது. இப்போது அதற்குக் கீழே ‘தரவு எதுவரை’ என்று யூனிட் வாரியாக ஒரு வரி. ரிஃப்ரெஷ் காலை 7 மணிக்கு வெற்றியாக முடிந்திருக்கும். இரண்டாவது யூனிட்டின் பதிவோ முந்தாநாளோடு நின்றிருக்கும். புதுப்பித்த நேரத்தை மட்டும் பார்த்தவர் உற்பத்தி விழுந்துவிட்டது என்று பதறுவார். ஈ.ஆர்.பி.யில் கடைசியாக ஏறிய ஷிப்ட் தேதியை எடுத்துக் காட்டுவது ஒரு சிறிய மெஷர்தான், ஆனால் காலை நேரப் போன்களில் பாதியை அது நிறுத்தியது. ரிஃப்ரெஷ் அட்டவணையையும் எழுதி வையுங்கள். புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறைதான். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அட்டவணையே நின்றுவிடும். தோல்வி அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதும் மெட்டாடேட்டாதான். நீண்ட விடுப்பில் இருக்கும் ஒருவரின் அஞ்சலுக்கு அது போய்க்கொண்டிருக்கக் கூடாது.

வரையறை மாறும்போது

மாறும். மாறித்தான் ஆக வேண்டும். ஒரு வருஷம் கவுண்ட் மாற்றுக் காரணிகளைத் திருத்தினோம். நான் டேபிளில் பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போட்டேன். அன்று மாலையே மூன்று வருஷத்து வரைபடம் முழுக்க மாறியது. ஏற்கெனவே அச்சடித்து வங்கிக்குக் கொடுத்திருந்த அறிக்கையோடு எங்கள் திரை ஒத்துப்போகவில்லை. அதற்குக் கணக்குப் பிரிவு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தவறு முழுக்க என்னுடையது.

அதன்பின் பிடித்துக்கொண்ட முறை: காரணி, விலை, வரம்பு போன்ற எதையும் அழிப்பதில்லை. ‘எந்தத் தேதியிலிருந்து’, ‘எந்தத் தேதிவரை’ என்று இரண்டு காலத்தோடு புதிய வரி சேர்க்கிறோம். பழைய மாதம் பழைய காரணியோடே நிற்கும். சூத்திரமே மாறினால் மெஷருக்குப் புதிய பெயர். பழையது ஒரு நிதியாண்டு முழுக்கப் பழைய பெயரில், விளக்கத்தின் தொடக்கத்தில் ‘இனி பயன்படுத்த வேண்டாம், இன்ன தேதியிலிருந்து இன்னது’ என்ற குறிப்போடு இருக்கும். வரைபடத்தில் மாற்றம் நடந்த மாதத்தில் ஒரு செங்குத்துக் கோடும் போடுகிறோம். கோட்டைப் பார்த்த யாரும் அந்த மாதத்தின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ ஆலையின் தலையில் கட்டுவதில்லை.

மாடலையே உரைக் கோப்பாக வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. பவர் பி.ஐ. புராஜெக்ட் வடிவில், டி.எம்.டி.எல். முறையில் சேமித்தால் ஒவ்வொரு டேபிளும் ஒரு கோப்பாகிவிடும். விளக்கம் மெஷருக்கு மேலே மூன்று சாய்கோட்டுக்குப் பின்னால் நிற்கும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் போட்டு வைத்தால் எந்த விளக்கத்தை யார், எப்போது மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். சூத்திரம் மாறி அதன் விளக்கம் மாறாமல் ஒரு திருத்தம் வந்தால் நான் அதை ஏற்பதில்லை. எங்கள் பிரிவில் இருவர்தான் இருக்கிறோம், இருந்தாலும் இந்த ஒழுங்கை விட்டதில்லை.

மற்றவை, சுருக்கமாக

யாரும் திறக்காத அறிக்கைக்கு அட்டை எழுதாதீர்கள். ஒர்க்ஸ்பேஸின் யூசேஜ் மெட்ரிக்ஸைப் பார்த்து, நீண்ட நாளாக யாரும் தொடாததைப் பட்டியலிட்டு, உரியவரிடம் சொல்லிவிட்டு ஓய்வு கொடுங்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு மட்டும் திறக்கும் அறிக்கை ஏதாவது இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் பி.ஐ.யில் ‘நம்பலாம்’ என்று காட்டும் சர்டிஃபைட் முத்திரையைச் சிக்கனமாகக் குத்துங்கள். அட்டை முழுமையாக இருந்து, வரையறைக்குப் பொறுப்பானவர் ஒப்புக்கொண்ட மாடலுக்கு மட்டும். எல்லாவற்றிலும் முத்திரை இருந்தால் எதிலும் இல்லாத மாதிரி.

தொழிலாளர் விவரம் உள்ள டேபிள்களில் எந்தக் காலம் தனிப்பட்ட தகவல் என்று குறித்து வையுங்கள்: ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண், விடுதி அறை. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், எங்கள் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களின் போன் எண் ஓர் உற்பத்தி அறிக்கைக்குள் வந்து நிற்க எந்தக் காரணமும் இல்லை. குறித்து வைத்தால்தான் எதை மாடலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தெரியும்.

இந்த விளக்கங்களை ஒரே இடத்தில் அடுக்கித் தேடித் தரும் கேட்டலாக் மென்பொருள் வேண்டுமா என்று கேட்பார்கள். லிங்க்டுஇனில் பிறந்த டேட்டாஹப், ஓப்பன்மெட்டாடேட்டா இரண்டும் திறந்த மூலம், நல்ல கருவிகள். பத்துப் பதினைந்து தரவு மூலம், பல குழுக்கள் என்று இருக்கும் நிறுவனத்துக்குத் தேடும் வேலையை மிகவும் குறைக்கும். ஆனால் அவை வெறும் அலமாரி. அடுக்க உங்களிடம் ஐம்பது நல்ல அட்டைகளாவது இருந்த பிறகு யோசியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

அட்டை எழுதியபடியே இருக்கும், ஆலை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் காலாண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஐந்து அட்டைகளைக் குலுக்கி எடுத்து அச்சடித்து, கையில் வைத்துக்கொண்டு தளத்துக்கு இறங்குகிறேன். நேற்றைய ஒரு எண்ணைத் திரையில் பார்த்து, அங்கிருந்து கிடங்கு, ஈ.ஆர்.பி., டைம் ஆபீஸ், ஷிப்ட் நோட்டு என்று பின்னோக்கிப் போய், கடைசியில் அந்த ரிங் ஃப்ரேமின் முன்னால் நிற்பேன். மீட்டரைப் பார்த்து எழுதுகிறவரிடம் அட்டையை வாசித்துக் காட்டி, “நீங்க இப்படித்தானுங்களே எழுதறீங்க?” என்று கேட்பேன். போன காலாண்டில் இரண்டாவது யூனிட்டில் ஒரு பெண் தலையாட்டாமல் நின்றார். இரண்டு மாதமாக அந்த வரிசை ஃப்ரேம்களில் மீட்டர் தானாகவே கணினிக்கு அனுப்புகிறதாம். பழக்கத்தில் அவர் நோட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறார், டைம் ஆபீஸும் அதை ஏற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு வழியில் வந்த எண்ணையும் அன்று மதியம் ஒப்பிட்டுப் பார்த்து, எதை எடுப்பது என்று மாஸ்டரிடம் கேட்டு, அட்டையில் ‘எங்கிருந்து’ வரியை மாற்றி, தேதி போட்டேன்.